கிரேக்கத் தீவுகளில் உல்லாசப் படகுகளுக்கு உணவு விற்பனை: வாசலில் வாடிக்கையாளர் இருந்தும் விவசாயிக்குப் பங்கு ஏன் குறைவு?

ஏதென்ஸ் நகரின் தென்கரையில் அலிமோஸ் என்ற இடத்தில் கிரேக்கத்தின் பெரிய படகு நிறுத்துமிடங்களில் ஒன்று இருக்கிறது. கோடைக்காலச் சனிக்கிழமை மாலைகளில் அங்கே சூப்பர் மார்க்கெட் வேன்கள் வந்து நிற்கும். ஒரு வார வாடகைக்குப் பாய்மரப் படகு எடுத்த ஆறு பேரோ எட்டுப் பேரோ இணையத்தில் முன்கூட்டியே அனுப்பிய பட்டியல்படி தண்ணீர் பாட்டில், பீர், பாஸ்தா, எண்ணெய், காபித்தூள், தக்காளி, வெங்காயம், சீஸ் எல்லாம் படகில் ஏறும். ஞாயிறு காலை கிளம்பும் படகு, மாலைக்குள் ஏதாவது ஒரு தீவின் சிறிய துறைமுகத்தில் நங்கூரம் போடும். அந்தத் தீவிலும் தக்காளி விளைந்திருக்கும், வெங்காயம் இருக்கும், சீஸும் தேனும் இருக்கும். ஆனால் வந்தவர்களுக்கு அவை தேவைப்படாது. வாங்க வேண்டியதை முந்தைய நாளே வாங்கிவிட்டார்கள்.

கிரேக்கத்தில் மக்கள் வசிக்கும் தீவுகள் 200-க்கு மேல். அவற்றில் பலவற்றுக்குச் சுற்றுலாதான் முதல் வருமானம். வாங்குபவர் ஊர் வாசலுக்கே வந்து நிற்கும்போது விவசாயிக்குக் கட்டுப்படியான விலை கிடைத்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால், படகில் வருபவர் சமையல் சாமானுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி, பயணம் தொடங்கும் முன்பே பிரதான நிலப்பகுதியில் செலவாகிவிடுகிறது. மீதம் இருப்பதில் எவ்வளவு தீவு விவசாயியின் கைக்கு வரும் என்பதை விலையைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை மூன்று: எந்த நேரத்தில் துறைக்கு வருகிறார், எந்த வடிவில் பொருளைக் கட்டித் தருகிறார், ஜூலை, ஆகஸ்டில் அவரிடம் பாசனத்துக்குத் தண்ணீர் இருக்கிறதா.

பெரிய சுற்றுலாக் கப்பல்களை இதில் சேர்க்க வேண்டாம். அந்தப் பயணிகள் கப்பலிலேயே சாப்பிட்டு, சில மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 2025 ஜூலை முதல் சான்டோரினி, மிக்கனோஸ் தீவுகளில் இறங்கும் கப்பல் பயணியிடம் உச்சப் பருவத்தில் 20 யூரோ கட்டணம் வாங்கும் நிலைக்கு அரசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய உல்லாசப் படகு அப்படியல்ல. அது துறையிலேயே இரவு தங்கும்; அதற்குச் சொந்த அடுப்பு உண்டு.

மூன்றாம் நாளில்தான் சந்தை திறக்கிறது

படகின் சமையலறையைத் தெரிந்துகொண்டால் இந்த வியாபாரம் பாதி புரிந்துவிடும். பாட்டரியில் ஓடும் சிறிய குளிர்பெட்டி. பெரும்பாலும் மேலே மூடி திறக்கும் வகை. எட்டுப் பேருடைய பானங்கள் வைத்ததும் அது நிறைந்துவிடும். காய்கறி எல்லாம் வலைப்பையில் தொங்கும், அல்லது இருக்கைக்கு அடியில் உள்ள அறையில் கிடக்கும். சனிக்கிழமை வாங்கிய கீரை செவ்வாய்க்கிழமை தாங்காது. ரொட்டி காய்ந்துவிடும். பீச் பழம் ஒன்றோடொன்று மோதிக் கன்றிவிடும். ஆகவே மூன்றாம் நாளிலிருந்துதான் தீவு விவசாயிக்கு வாய்ப்பு. அப்போது தேடப்படுபவை தக்காளி, வெள்ளரி, முட்டை, தயிர், பழம், புதினா போன்ற வாசனை இலைகள்.

எவ்வளவு விற்கும்? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பேர் உள்ள படகில் காலையும் மதியமும் படகிலேயே சாப்பாடு, இரவு கரையில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குத் தக்காளி ஒன்றரை கிலோ, வெள்ளரி 1 கிலோ, பழம் 3 கிலோ, முட்டை 10 போதும். துறையில் 16 படகுகள் நின்று அவற்றில் பாதி வாங்கினால் தக்காளி 12 கிலோ, வெள்ளரி 8 கிலோ, பழம் 24 கிலோ, முட்டை 80. இது ஒரு குடும்பம் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவரக்கூடிய அளவு. இதை நம்பி ஒரு கூட்டுறவுச் சங்கம் தனிக் கடை போட்டால் நட்டம்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'படகுச் சந்தை' என்று பெரிதாகத் திட்டம் தீட்டுவதால் பயன் இல்லை.

கட்டித் தரும் விதம் மிக முக்கியம். அனுபவமுள்ள படகுக்காரர்கள் அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை வந்துவிடும் என்ற அச்சம். பெட்டியைக் கரையிலேயே பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் குப்பை தீவின் தலையில் விழும். துணிப்பையிலோ வலைப்பையிலோ கொடுத்தால் இரு தரப்புக்கும் நல்லது. தக்காளியை ஒரே பழுப்பில் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு இரண்டு கிலோ சிவந்தது, நாளைக்கு அரைச் சிவப்பு, மூன்றாம் நாளுக்குக் காய்ப்பருவம் என்று கலந்து கொடுத்தால் குளிர்பெட்டி இல்லாமலே சமாளிக்கலாம். முட்டையைக் கழுவாமல் தர வேண்டும். கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய், வெளிவெப்பத்தில் சீக்கிரம் கெடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே பையில் போடக் கூடாது, உருளை சீக்கிரம் முளைவிடும். இவையெல்லாம் செலவில்லாத வேலைகள். சூப்பர் மார்க்கெட் வேன் இவற்றைச் செய்வதில்லை.

மாலை ஐந்து மணி, காலை ஏழு மணி

படகுகள் துறைக்கு வருவது பிற்பகலில். நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்பதால் இரண்டு மணிக்கே வர ஆரம்பித்து, ஐந்து மணிக்குள் துறை நிறைந்துவிடும். மறுநாள் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் கிளம்பிவிடும். கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்டெமி' என்ற காற்று அடிக்கும். நண்பகலுக்கு மேல் அது வலுக்கும் என்பதால் காலையிலேயே தூரத்தைக் கடந்துவிடப் பார்ப்பார்கள். ஆக, விற்பனைக்குக் கிடைப்பது மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும், காலை ஏழிலிருந்து ஒன்பது வரையும்தான். உழவர் சந்தை காலை பத்து மணிக்குச் சுறுசுறுப்பாகும் ஊரில் படகுக்காரரைப் பார்க்கவே முடியாது. விடியலில் வெயிலுக்கு முன் பறித்து, நிழலில் வைத்து, மாலையில் துறைக்குக் கொண்டுவருவதுதான் பொருந்தும்.

மெல்டெமி பலமாக வீசும் நாட்களில் எல்லாம் தலைகீழாகிவிடும். படகுகள் இரண்டு மூன்று நாள் துறையிலேயே முடங்கும். அதே காற்றில், துறைமுகக் காவல்படை பயணிகள் கப்பல்களுக்கும் தடை போடும். லாரி வராது, கடைகளில் காய்கறி அடுக்கு காலியாகும். அன்றைக்குத் தீவில் புதிய காய்கறி வைத்திருப்பவர் உள்ளூர் விவசாயி மட்டுமே. ஆண்டுக்குச் சில முறை வரும் இந்த நாட்களில் விலையை ஏற்றி விற்பவர்களும் உண்டு. அது தவறான கணக்கு என்பது என் கருத்து. முடங்கிக் கிடக்கும் படகுக்காரர்களுக்கு வேலையே பேச்சுதான். எந்தத் தீவில் யார் நியாயமாகக் கொடுத்தார்கள் என்பது அடுத்தடுத்த துறைகளுக்குப் பரவிவிடும்.

ஏதென்ஸுக்கு அருகே சரோனிக் வளைகுடாவில் உள்ள ஏகினா தீவில் படகுக்கும் காய்கறிக்கும் உள்ள உறவைக் கண்ணாலேயே பார்க்கலாம். அலிமோஸிலிருந்து கிளம்பும் பல படகுகளுக்கு முதல் இரவுத் தங்கல் இதுதான். துறையோரத்தில் கட்டப்பட்ட மரப்படகுகளிலேயே காய்கறி, பழக் கடை நடப்பது இங்கே பல தலைமுறைப் பழக்கம். பக்கத்துத் தெருவில் மீன் சந்தை. ஆனால் காய்கறிப் படகில் இருப்பதெல்லாம் ஏகினாவில் விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஏகினாவின் கிணறுகளில் உப்பு ஏறியது பழைய கதை. அந்த உப்பை ஓரளவு தாங்கும் பயிர் பிஸ்தா என்பதால்தான் தீவில் அது நிலைத்தது. 1996-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. 1947-லேயே தொடங்கப்பட்ட விவசாயக் கூட்டுறவு துறைக்கு அருகே பிஸ்தாவை நேரடியாக விற்கிறது. படகுக்காரருக்கு இதைவிட ஏற்ற பொருள் இல்லை: குளிர்பெட்டி வேண்டாம், நசுங்காது, அலிமோஸ் வேன் கொண்டுவரும் பிஸ்தாவுக்கு இந்தப் பெயர் இல்லை. ஒரே சிக்கல், அறுவடை ஆகஸ்ட் கடைசியில்தான். ஜூலையில் வருபவருக்குப் போன ஆண்டுச் சரக்கைத்தான் கொடுக்க முடியும். அதை ஓட்டோடு நன்கு உலர்த்தி, காற்றுப் புகாமல் வைத்திருந்தவர்தான் விற்க முடிகிறது.

மாலுமிகளின் பழைய சாப்பாடு

ஏகினா பிஸ்தாவிலிருந்து ஒரு பொதுவான பாடம் எடுக்கலாம். தீவுகளின் பாரம்பரிய உணவுகளில் பல, கடலுக்குப் போகும் ஆண்களுக்காகவே உருவானவை. 'பாக்ஸிமாதி' என்ற பார்லி ரொட்டியை இரண்டு முறை சுட்டு ஈரம் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது, தக்காளிச் சாறும் எண்ணெயும் ஊற்றினால் மிருதுவாகிவிடும். லெஸ்போஸ் தீவில் ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்துக் காக்கும் 'லாதோதிரி' சீஸ், உப்பில் போட்ட கேப்பர் மொட்டு, உலர்ந்த அத்தி, வெயிலில் காய்ந்த தக்காளி எல்லாம் இந்த வகை. சான்டோரினியின் 'ஃபாவா' பருப்பும் அப்படியே. பெயரைப் பார்த்து அதை அவரை இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நமக்குத் தெரிந்த கேசரிப் பருப்பின் நெருங்கிய உறவு. எரிமலை மண்ணில், பாசனமே இல்லாமல் மானாவாரியாக விளைகிறது. அதே தீவின் சிறு தக்காளியும் மானாவாரிதான். ஃபாவாவுக்கு 2010-லும் தக்காளிக்கு 2013-லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

புதிய காய்கறியில் தீவு விவசாயி பிரதான நிலப்பகுதியின் பெரிய பண்ணைகளோடு விலையில் போட்டி போட முடியாது. கெடாத இந்தப் பொருட்களில் முடியும். இவற்றை 250 கிராம், அரை கிலோ என்று சிறு பைகளில், எப்படிச் சமைப்பது என்ற நாலு வரிக் குறிப்புடன் கொடுத்தால் படகில் பாதி, வீட்டுக்குப் பாதி என்று வாங்கிப்போவார்கள். புதிய பொருளில் வெற்றி பெற விரும்பினால் நீண்ட தூரம் போகவே முடியாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகஸ்டில் பழுக்கும் அத்தி அப்படிப்பட்டது. மரத்தில் பழுத்த அத்தியை லாரியிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்புவது கடினம். இரண்டு நாளில் புளித்துவிடும்.

சீஸ் விஷயத்தில் படகுக்காரர்கள் கேட்பதும் தீவில் இருப்பதும் ஒத்துப்போவதில்லை. அவர்கள் கேட்பது புதிய, மென்மையான சீஸ். தீவுகளில் வெள்ளாடும் செம்மறியும் பால் கொடுப்பது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். ஜூலை வந்தால் மேய்ச்சல் காய்ந்து பால் வற்றிவிடும். அதனால் கோடையில் விற்க முடிவது வசந்தத்தில் செய்து முற்றவைத்த சீஸ்தான். நாக்ஸோஸ் தீவு இதில் விதிவிலக்கு. அங்கே பசுமாடு அதிகம். பெரும்பாலும் பசும்பாலில் செய்யும் நாக்ஸோஸ் 'கிராவியேரா' சீஸ் 1996-லிருந்து புவிசார் குறியீடு பெற்றது, ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. 2024-ல் ஆட்டுக்கொல்லி நோயும், அடுத்த ஆண்டு ஆட்டம்மையும் கிரேக்கத்தில் பரவி லட்சக்கணக்கான ஆடுகள் அழிக்கப்பட்ட பிறகு, மாட்டுப்பால் சீஸ் உள்ள தீவுக்கு அது பெரிய பலம்.

சட்டம் பற்றி ஒரு வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் ஆண்டு உணவுச் சுகாதார விதி, உற்பத்தியாளர் தன் விளைபொருளைச் சிறிய அளவில் நேரடியாக நுகர்வோருக்குக் கொடுப்பதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்து, அந்தந்த நாட்டின் விதிக்கு விட்டிருக்கிறது. தக்காளி, முட்டை, தேன் இதில் வரும். சீஸ் வராது; அதற்கு அனுமதி பெற்ற பால்கூடம் வேண்டும்.

யார் மூலம் விற்பது

படகுக்காரரின் உணவுச் செலவில் பெரிய தொகை கரையில் சாப்பிடும் இரவு உணவுக்குப் போகிறது. சில குட்டித் துறைகளில் உணவகக்காரரே சிறிய படகு மேடை கட்டி வைத்திருப்பார்; இரவுச் சாப்பாடு அங்கே என்றால் படகு கட்டக் காசு கேட்க மாட்டார். ஆகவே தோட்டத்திலிருந்து படகுக்கு நேராக விற்பதைவிட, அந்த உணவகத்துக்குத் தினமும் 20 கிலோ தக்காளி கொடுப்பது பல விவசாயிகளுக்கு உறுதியான வருமானம். உணவக மேசையிலேயே ஒரு கூடையை வைத்து, பிடித்திருந்தால் காலையில் ஒரு பை வாங்கிப்போகலாம் என்று சொல்வதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

அயோனியன் கடல் பக்கம், லெஃப்காதா தீவைச் சுற்றி, பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரு வழிகாட்டிப் படகின் பின்னால் கூட்டமாகப் போகும் முறை அதிகம். அந்த வழிகாட்டிக்கு நாளை மாலை எந்தத் துறை என்பது இன்று காலையே தெரியும். தினமும் காலையில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசுவார். விலைப்பட்டியலை அவர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் பன்னிரண்டு படகுகளின் ஆர்டர் ஒரே செய்தியில் வந்துவிடும். எவ்வளவு பறிக்க வேண்டும் என்பது பறிக்கும் முன்பே தெரியும். அழுகும் பொருளை விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெரும் பணக்காரர்களின் பெரிய உல்லாசப் படகுகள் வேறு உலகம். அங்கே சமையல்காரர் உண்டு. உணவு, எரிபொருள், துறைக் கட்டணத்துக்காக வாடகையில் 30 சதவீதம் அளவுக்கு முன்பணம் வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் கொள்முதல் பெரும்பாலும் இதற்கென்றே உள்ள நிறுவனங்கள் வழியாக நடக்கும். ஒரே அளவு, ஒரே தரம், முறையான ரசீது, குளிர்வண்டி எல்லாம் கேட்பார்கள். தனி விவசாயி இதைத் துரத்தினால் காலம்தான் வீணாகும். நாக்ஸோஸ் போல வலுவான கூட்டுறவு உள்ள தீவு முயன்று பார்க்கலாம்.

உருளைக்கா, படகுக்கா தண்ணீர்?

இதுவரை சொன்ன யோசனைகள் எல்லாமே ஆகஸ்டில் தோட்டம் பச்சையாக இருந்தால்தான். 2024-ல் நாக்ஸோஸில் நடந்தது இதற்கு எச்சரிக்கை. சைக்கிளடிஸ் தீவுக் கூட்டத்தில் விவசாயம் வலுவாக உள்ள தீவு அது. அதன் உருளைக்கிழங்குக்கு 2011-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை பொய்த்துப்போன அந்த ஆண்டு நீர்த்தேக்கங்கள் கோடைக்கு முன்பே வறண்டன. கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. உருளை விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் கொடுக்க, கடல்நீரைக் குடிநீராக்கும் பெயர்த்துவைக்கக்கூடிய இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டன. ஊருக்குக் குடிநீர் வந்தாலும், அந்த விலையில் உருளைக்குப் பாய்ச்ச முடியாது.

படகும் தண்ணீர் வாங்கும். 12 மீட்டர் பாய்மரப் படகின் தொட்டியில் 300 முதல் 500 லிட்டர் பிடிக்கும். நிரப்பிய பிறகு மேல்தளத்தில் படிந்த உப்பையும் அதே குழாயில் கழுவுவார்கள். மீட்டர் வைத்துக் காசு வாங்கும் துறைகள் உண்டு; கழுவத் தடை போட்ட துறைகளும் உண்டு. தீவு மொத்தத்தின் பயன்பாட்டில் இது சிறு பங்குதான். நீச்சல்குளம் வைத்த விடுதிகளைவிடப் படகைக் குறை சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் இரண்டு தேவையும் உச்சம் தொடுவது ஒரே ஆறு வாரத்தில்.

அரசு உதவிகள் இந்த முடிச்சை அவிழ்ப்பதாகத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ம் ஆண்டின் 229-ம் எண் விதிப்படி ஏஜியன் சிறு தீவுகளின் விவசாயத்துக்கு ஆண்டுக்கு 2.393 கோடி யூரோ ஒதுக்குகிறது. அதில் அதிகபட்சம் 71.1 லட்சம் யூரோவை, வெளியிலிருந்து தீவுக்குள் அத்தியாவசியப் பொருள் கொண்டுவரும் செலவுக்குத் தரலாம். 2018-ல் தொடங்கிய போக்குவரத்து ஈட்டுத் திட்டம் கடல் வழிச் செலவின் கூடுதலை ஈடுகட்டுகிறது. 2025 செப்டம்பரில் பிரதமர் மிட்சோடாகிஸ், வடக்கு ஏஜியன், டோடிகனீஸ் பகுதிகளில் 20,000 பேருக்குக் குறைவாக வசிக்கும் தீவுகளுக்கு 2026 முதல் மதிப்புக் கூட்டு வரி 30 சதவீதம் குறையும் என்று அறிவித்தார். உணவுக்கான 13 சதவீத வரி அங்கே 9 ஆகிறது. ஏகினாவும் நாக்ஸோஸும் அந்தப் பகுதிகளில் இல்லை. வரி குறைந்த தீவிலும் அந்தச் சலுகை உள்ளூர்த் தக்காளிக்கும் வெளியிலிருந்து வந்த தக்காளிக்கும் ஒன்றுதான். தண்ணீரைச் சேமிக்கக் குளமோ தடுப்பணையோ கட்டாமல் போக்குவரத்துக்கும் வரிக்கும் மட்டும் பணம் கொடுத்தால், அலிமோஸ் வேனின் சரக்கு தீவுக் கடைக்கும் மலிவாக வந்து சேரும், அவ்வளவுதான்.

இந்த நிலையில் தீவு விவசாயி தன் நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பாசனம் வேண்டாத ஃபாவா, பார்லி, கேப்பர், அத்தி, தேன் ஒரு பக்கம். கையில் இருக்கும் கிணற்று நீர் எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு மட்டும் தக்காளி, வெள்ளரி மறுபக்கம். ஜூனிலேயே கிணற்று நீரின் உப்பைச் சோதித்துவிட வேண்டும். உப்பு ஏறியிருந்தால் வெள்ளரியைக் குறைத்து, அதைவிட ஓரளவு தாங்கும் தக்காளியை வைத்துக்கொள்ளலாம். நாக்ஸோஸில் இரண்டாம் போக உருளையை நடுவதும் ஆகஸ்டில்தான், துறை நிறைந்திருக்கும் அதே வாரங்களில்.